பொருந்திய துப்பாக்கியும் பொருந்தாத துப்பாக்கியும்: கார்பெட், ஆண்டர்சன் வேட்டை எழுத்துகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் ஆகியோரின் வேட்டை நூல்களில் துப்பாக்கியின் தேர்வு, அதன் உடற்பொருத்தம், குறிச்சரிவு ஆகியவை எடுத்துரைப்பில் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. துப்பாக்கியை ஆதிக்கத்தின் குறியீடாக மட்டும் காணும் வாசிப்பு, இந்நூல்களுக்குள்ளேயே இருக்கும் தன்னொப்புதலைத் தவறவிடுகிறது என்பது இதன் வாதம். இவற்றைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சொல்லாட்சிச் சிக்கலும் இறுதியில் பேசப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வேட்டை இலக்கியம், கார்பெட், ஆண்டர்சன், ரைஃபிள், ரவைத்துப்பாக்கி, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

வேட்டை நூல்களைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. துப்பாக்கி என்ற சொல் வந்தவுடன் அதைப் பேரரசின் சின்னம் எனக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகிறோம். ஜான் மெக்கன்சி 1988இல் வெளியிட்ட ஆய்வுநூலுக்குப் பிறகு, வேட்டைக்கும் பிரித்தானிய ஆட்சிக்கும் உள்ள உறவை மறுப்பார் எவருமிலர். மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஆயின் சின்னம் என்று சொன்ன மாத்திரத்தில் பொருள் மறைந்துவிடுகிறது. எத்தகைய துப்பாக்கி, என்ன எடை, அதன் கட்டை சுடுபவரின் தோளுக்குப் பொருந்தியதா, அதன் குண்டு குறியில் விழுந்ததா என்னும் வினாக்களை நாம் கேட்பதில்லை. கார்பெட் கேட்டார். தம் வெற்றிகளை விளக்கும்போது கேட்டதைவிடத் தம் தவறுகளை விளக்கும்போது மிகுதியாகக் கேட்டார். அங்குதான் அவருடைய எழுத்தின் நேர்மையை அளக்க இயலும் என்பது என் கருத்து.

அளவு என்னும் கலை

வாதத்துக்குள் செல்லுமுன் கைத்தொழில் சார்ந்த சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இவை இல்லாமல் பின்வரும் பகுதிகளைப் படிப்பது, யாப்பறியாமல் வெண்பாவைத் திறனாய்வதை ஒக்கும்.

ரவைத்துப்பாக்கியும் ரைஃபிளும் வேறு வேறு கருவிகள். முன்னதன் குழல் உட்புறம் வழவழப்பானது. ஒரு தோட்டாவிலுள்ள பல ரவைகளைப் பரப்பி எறிவது. பின்னதன் குழலுக்குள் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேர்க்கோட்டில் செலுத்துவது. பன்னிரண்டு போர் என்னும் அளவுப்பெயர், குழலின் விட்டத்துக்கு ஒத்த 12 ஈய உருண்டைகள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை வரும் என்பதைக் குறிக்கிறது. அவ்விட்டம் ஏறத்தாழ 0.729 அங்குலம். ரைஃபிளுக்கு .275, .450 என அங்குலத்தின் பின்னமே பெயர்.

ரவைத்துப்பாக்கியில் பெரும்பாலும் பின்குறி இராது. சுடுபவரின் கண்ணே பின்குறி. ஆகவே கன்னம் கட்டையில் எங்கே படிகிறது என்பதுதான் குண்டின் திசையைத் தீர்மானிக்கும். பின்கட்டையின் நீளம், குழலின் மட்டத்திலிருந்து கட்டையின் மேல்விளிம்பு எவ்வளவு தாழ்கிறது, கட்டை வலமாகவோ இடமாகவோ எவ்வளவு வளைகிறது, தோளில் படியும் முனை எக்கோணத்தில் வெட்டப்பட்டுள்ளது என்னும் நான்கும் ஒருவருக்கு ஒருவர் மாறும். கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடையே 36 அங்குலம் எனக் கொள்வோம். 16 கெஜம் என்பது 576 அங்குலம். அது முன்னதைப்போல் 16 மடங்கு. எனவே கன்னம் படியும் இடம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மாறினால், 16 கெஜத்தில் ரவைக்கொத்தின் நடுப்புள்ளி ஓரங்குலம் நகரும். 40 கெஜத்தில் இரண்டரை அங்குலம். நகத்தின் கனமே உள்ள மாற்றம் இவ்வளவு செய்யும்.

இதனால்தான் பர்மிங்ஹாமிலும் இலண்டனிலும் தையற்காரர் அளவெடுப்பதைப்போல் அளவெடுத்துத் துப்பாக்கி செய்தனர். கட்டையின் ஒவ்வொரு பகுதியையும் நீட்டவும் குறுக்கவும் வளைக்கவும் கூடிய அளவுத்துப்பாக்கி ஒன்றை வாடிக்கையாளர் தோளில் வைத்துப் பார்த்து, அவ்வளவுகளை மரத்தில் இழைப்பார்கள். பர்மிங்ஹாம் துப்பாக்கி உற்பத்தியாளர் கிரீனர் 1881இல் வெளியிட்ட பெருநூல் இக்கலையின் வரலாற்றைத் தொகுத்தது.

இரட்டைக்குழல் ரைஃபிளில் இன்னுமொரு நுட்பம் உண்டு. இரு குழல்களையும் முற்றிலும் இணையாக வைத்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழா. குழல் முனைகளுக்கிடையே சிறு ஆப்பு வைத்து, சுட்டுப் பார்த்து, ஆப்பை நகர்த்தி, மீண்டும் சுட்டுப் பார்த்து, இரு குண்டுகளும் குறித்த தொலைவில் சேரும்வரை திருத்தி, பின்னரே பற்றவைப்பார்கள். அத்திருத்தம் ஒரு குறிப்பிட்ட மருந்தளவுக்கும் குண்டெடைக்கும் மட்டுமே உரியது. மருந்தை மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறிவிடும்.

சம்பாவத்: கடன் வாங்கிய துப்பாக்கி

1907ஆம் ஆண்டுச் சம்பாவத் பெண்புலி வேட்டை, 1944இல் வெளிவந்த குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூலில் இடம்பெறுகிறது. அப்புலி 436 உயிர்களைப் பறித்தது என்பது கார்பெட் தரும் கணக்கு. நூல் வெளியாகும்போது நிகழ்ச்சி நடந்து 37 ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த இடைவெளியில் எவரும் தம் தவறுகளை மறந்துவிட்டிருக்கலாம், மறைத்தும் இருக்கலாம்.

கார்பெட் அன்று கொண்டுசென்றவை மூன்றே தோட்டாக்கள். கையிலிருந்தது .500 மாடிஃபைட் கார்டைட் ரைஃபிள். முதற்குண்டு தவறியது. அந்த ரைஃபிளைப் பற்றி அவர் தரும் செய்தி கவனத்துக்குரியது. கடல்மட்டத்தில் குறிதிருத்தப்பட்ட அந்த ரைஃபிள், அந்த மலையுயரத்தில் குறிக்கு மேலே எறிந்தது என எழுதுகிறார்.    குறிச்சரிவு செய்யப்படாத துப்பாக்கியின் சிக்கல் இதுதான். அது சுடுபவரின் நினைவாற்றலைத் தன் உறுப்பாக வேண்டிநிற்கிறது. நினைவு தவறினால் கருவி முழுமை பெறாது.

அடுத்த இரு குண்டுகளும் பட்டன. புலி சாகவில்லை. தோட்டா தீர்ந்தது. கார்பெட் ஓடிச்சென்று உடன்வந்திருந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். நெருங்கியபின்தான் அதைப் பார்க்கிறார். குழலுக்கும் பின்னடைப்புக்கும் இடையே ஏறத்தாழ எட்டில் மூன்று அங்குல இடைவெளி. துப்பாக்கி வெடித்துச் சிதறாது, ஆனால் பின்னோக்கி வரும் தீப்பிழம்பு கண்ணைக் குருடாக்கலாம் எனக் கணக்கிடுகிறார். முன்குறி என்று சொல்லும்படி அதில் இருந்தது ஏதோவொரு பொருளின் பெரிய திரட்சி. அதைப் புலியின் திறந்த வாய்மீது பொருத்திச் சுடுகிறார். 20 அடித் தொலைவுதான். குண்டு வாயில் படாமல் வலது முன்பாதத்தில் பட்டது. அதைப் பின்னர் நகத்தாலேயே பிடுங்கியெடுக்க முடிந்தது. முந்தைய காயங்களால் இறுதி மூச்சில் இருந்த புலி அத்துடன் சாய்ந்தது.

தாம் அசைந்திருக்கலாம், அல்லது அந்தத் துப்பாக்கி 20 அடிக்குக்கூட ஓர் உருளைக் குண்டைச் சரியாக எறிய இயலாததாக இருக்கலாம் என அவர் எழுதுகிறார். பழியைத் தமக்கும் கருவிக்கும் பங்கிட்டு, எது எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். நாயகப் பண்பைக் கட்டியெழுப்பும் எழுத்து இவ்வாறு நடப்பதில்லை. வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடிய புறநானூற்று 152ஆம் பாடலை ஒப்புநோக்கலாம். ஓரம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எனத் தொடர்ந்து உடும்பில் சென்று தங்குகிறது. அங்கே வில்லும் வீரனும் வேறல்லர். பொருந்தாமை என்ற பேச்சுக்கே இடமில்லை. அது புகழ்ப்பாட்டு; அதற்கு அதுவே முறை. கார்பெட்டின் உரைநடை அதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. கைக்கும் கருவிக்கும் இடையேயான அந்த எட்டில் மூன்று அங்குலத்தை அவர் மூடுவதேயில்லை.

இதைவிட வன்மையான ஒன்று உண்டு. இறந்த புலியை ஆராய்ந்தபோது அதன் வாயின் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்புவரையிலும். பழைய துப்பாக்கிக் காயம். அதனாலேயே இயல்பான இரையைக் கொல்ல இயலாமல் அது மனிதரை நாடியது என்கிறார் கார்பெட். நூலின் முன்குறிப்பிலும், கவனமின்றிச் சுட்டுக் காயப்படுத்திப் பின்தொடராது விட்ட விலங்கே ஆட்கொல்லியாவதற்கு ஒரு முதன்மைக் காரணம் என எழுதுகிறார். அப்படியெனில் கதையின் தொடக்கமும் முடிவும் ஒன்றே: வாயை நோக்கிச் சுட்ட, சரியாகப் படாத குண்டு. ஒரு தவறிய குண்டு ஆட்கொல்லியை உண்டாக்கிற்று. இன்னொரு தவறிய குண்டோடு அதன் வாழ்வு முடிந்தது. கார்பெட் இந்த ஒப்புமையைச் சுட்டவில்லை. அவர் கண்டும் சொல்லாமல் விட்டாரா, காணவில்லையா என்பதைப் பனுவலை வைத்துத் தீர்மானிக்க இயலாது.

சௌகர்: எடையின் நற்பேறு

சம்பாவத் வேட்டைக்குப் பரிசாக ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் அவருக்கு .275 ரிக்பி ரைஃபிள் ஒன்றை அளித்தார். அதைப் பொறித்த வெள்ளித்தகடு கட்டையில் பதிக்கப்பட்டது. அந்த ரைஃபிள் இன்று இலண்டன் ரிக்பி நிறுவனத்திடமே உள்ளது. பெருவிலங்கு வேட்டைக்கு .275 சிறிது என்பது அக்கால வேட்டைக்காரர் பலரின் எண்ணம். கார்பெட்டிடம் கனத்த .450/400 இரட்டைக்குழல் ரைஃபிளும் இருந்தது. எதை எப்போது எடுப்பது என்பதே கேள்வி.

1930 ஏப்ரலில் சௌகர் பெண்புலியுடனான இறுதிச் சந்திப்பு இக்கேள்விக்கு விடை. இடக்கையில் பக்கி என்னும் பறவையின் இரண்டு முட்டைகள். வலக்கையில் மார்பின் குறுக்கே ரைஃபிள். பாறையைச் சுற்றி வந்து திரும்பிப் பார்த்தால் எட்டடித் தொலைவில் புலி. ஒற்றைக் கையால் ரைஃபிளை முக்கால் வட்டம் மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். தமக்குத் தடையெனத் தோன்றும் மூன்றும் உண்மையில் துணையாயின என்று பின்னர் எழுதினார்: கையிலிருந்த முட்டைகள், கனமற்ற ரைஃபிள், அது ஆட்கொல்லியாக இருந்தமை. முட்டைகள் அவரைச் சட்டெனத் திரும்பவிடவில்லை. கனத்த ரைஃபிளாயின் ஒற்றைக் கையால் அவ்வாறு சுழற்றியிருக்கவே இயலாது.

அளவுக்கலை நூல்கள் இருகைகளையும் தோளையும் கன்னத்தையும் வைத்தே பொருத்தத்தைக் கணக்கிடுகின்றன. இங்கே தோளுமில்லை, கன்னமுமில்லை. ஒரு மணிக்கட்டு மட்டுமே. அந்த மணிக்கட்டுக்குப் பொருந்தியது எடை. பொருத்தம் என்பதைக் கடையில் அளந்து முடிக்க இயலாது, காட்டில் நிற்கும் நிலையும் அதில் சேரும் என்பதை எந்தக் கையேட்டைவிடவும் இப்பகுதி தெளிவாகக் காட்டுகிறது. சூட்டின் ஆற்றலைப் புகழும் ஒரு தொடர்கூட இங்கில்லை என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும்.

ஆண்டர்சனின் .405

தமிழ் வாசகருக்கு அண்மையானவர் கென்னத் ஆண்டர்சன். 1910இல் ஐதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்து 1974இல் பெங்களூரில் மறைந்தவர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், சிவனிப்பள்ளி என இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள் அவருடைய கதைக்களங்கள். முதல் நூல் 1954இல் வெளிவந்தது.

அவருடைய ஆயுதம் .405 வின்செஸ்டர், 1895 மாதிரி. பிரவுனிங் வடிவமைத்த இந்த ரைஃபிளில் கைப்பிடிக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்ற வேண்டும். இதன் கட்டை மிகத் தாழ்ந்து இறங்குவது. தாழ்ந்த கட்டையில் பின்னுதைப்பு நேர்க்கோட்டில் தோளுக்கு வராமல், குழலை மேல்நோக்கித் தூக்கிக் கன்னத்தில் அறையும். பயன்படுத்தியவர்கள் இம்மாதிரியை அதற்காகவே நினைவுகூர்வர். நெம்புகோல் கீழிறங்க இடமும் வேண்டும். மரக்கிளையில் கட்டிய ஒடுங்கிய பரணில் அது எளிதன்று. இரவு வேட்டைக்கு ஆண்டர்சன் குழலில் கைவிளக்கைப் பொருத்துகிறார். எடை முன்பக்கம் சாய்கிறது. ஆகப் பரண்வேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான கருவிகள் இருந்தன. அவர் அதை விடவில்லை. துப்பாக்கியை உடலுக்குப் பொருத்தும் மரபு கிரீனருடையது. உடலைத் துப்பாக்கிக்குப் பழக்கும் மரபு ஆண்டர்சனுடையது. இரண்டாவதும் ஒரு மரபே. நம் ஊர்ப்புறங்களில் தந்தை வைத்திருந்த மண்வெட்டியின் காம்பை மாற்றாத உழவரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

எனினும் எழுத்து என்ற அளவில் ஓர் இழப்பு நேர்கிறது. ஆண்டர்சனிடம் .405 என்பது பெரும்பாலும் ஓர் அடைமொழி. வல்வில் ஓரிக்கு வல்வில் அமைந்ததுபோல் கதைதோறும் அது வருகிறது. ஆயின் அதன் கட்டை, குறி, உதைப்பு ஆகியவை நிகழ்ச்சியின் காரணங்களாக அரிதாகவே செயற்படுகின்றன. குண்டு தவறும்போது இருளும் விலங்கின் விரைவும் காரணமாகின்றன. ஆண்டர்சனின் சில கதைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்னும் ஐயம் வாசகரிடையே நெடுநாளாக உண்டு. அவ்வையத்தைத் தீர்க்க இடங்களையும் தேதிகளையும் சரிபார்க்கும் முயற்சிகளே நடந்துள்ளன. கருவி எழுத்துக்குள் எவ்வளவு பருப்பொருளாக இருக்கிறது என்பதும் ஒரு சோதனைக்கல் ஆகலாம் என முன்மொழிகிறேன். இச்சோதனையில் ஆண்டர்சன் தோற்றுவிடுகிறார் என்பதன்று. காட்டின் ஒலிகளையும் இரவின் மணத்தையும் எழுதும்போது அவரிடம் உள்ள செறிவு, ரைஃபிளைப் பற்றி எழுதும்போது இல்லை. அவர் நெஞ்சு வேறிடத்தில் இருந்தது. பூசாரி பைராவைப் பற்றிய பக்கங்களே அதற்குச் சான்று.

யார் கையில் எந்தத் துப்பாக்கி

இதுவரை சொன்னவை கார்பெட்டுக்குச் சார்பாகவே அமைந்தன. மறுபக்கம் ஒன்றுண்டு. சிறுவன் கார்பெட்டுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் இரட்டைக்குழல். வலக்குழல் பிளந்தது, கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டவை. 1953இல் வெளிவந்த காட்டு அனுபவ நூலில் அத்துப்பாக்கியைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் கனிவு ததும்புகிறது. ஒரு குழல்தான் பயன்படும் என்பதால் ஒவ்வொரு சூட்டையும் எண்ணிச் செலவிடக் கற்றதாகக் கூறுகிறார். ஆனால் அதே வகைத் துப்பாக்கி ஊரார் கையில் இருக்கும்போது இரு ஆசிரியர்களின் நூல்களிலும் அது காயப்படுத்தும் கருவியாக, ஆட்கொல்லியை உருவாக்கும் கருவியாக மாறிவிடுகிறது. பொருந்தாத துப்பாக்கி ஒருவருக்குப் பள்ளிக்கூடம், இன்னொருவருக்குக் குற்றம்.

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தை விதித்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. தன் அளவுக்கு ஒரு துப்பாக்கியைத் தேர்ந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பே குமாவுன் உழவருக்கும் சேலம் மாவட்ட மலைவாழ் மக்களுக்கும் இருந்ததில்லை. அரசு அதிகாரியான தாசில்தாரின் துப்பாக்கியே எட்டில் மூன்று அங்குலம் பிளந்து நின்றதெனில் ஏனையோர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கார்பெட் இதைச் சட்டத்தோடு இணைத்துப் பார்க்கவில்லை. ஆனால் கள்ளவேட்டைக்காரர் குன்வர் சிங்கைத் தம் ஆசானாகவே அவர் எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காட்டறிவுக்குக் கருவி தடையில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்; கருவி ஏன் அப்படி இருந்தது என்பதை மட்டும் வினவவில்லை.

சொல்லாட்சிச் சிக்கல்

கார்பெட்டின் ஆங்கிலத்தில் ரைஃபிளுக்கும் ரவைத்துப்பாக்கிக்கும் தனித்தனிச் சொற்கள். இந்தியாவில் வழங்கிய ஆங்கில வேட்டைமொழியில் பொதுச்சொல்லே ரவைத்துப்பாக்கியைக் குறித்தது. தமிழில் இரண்டையும் துப்பாக்கி எனப் பெயர்த்தால் சம்பாவத் நிகழ்ச்சியின் திருப்பமே மறைந்துபோகும். ஒரு துப்பாக்கியை வைத்துவிட்டு இன்னொரு துப்பாக்கியை வாங்கினார் என்றாகும். குண்டு என்னும் சொல்லும் இவ்வாறே. ரவை, குண்டு, தோட்டா மூன்றும் வேறு வேறு. தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு யாவும் சேர்ந்தது. தோட்டா பாய்ந்தது என்று நாளிதழ்கள் எழுதுவது வழக்கமாகிவிட்டாலும் பாய்வது குண்டே.

தமிழில் இச்சொற்கள் இல்லாமலில்லை. மருந்து கெட்டித்தல், ரவை, ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், சுத்தியலைக் குறிக்கும் குதிரை, இழுக்கும் விசை என வழக்கில் இருந்தவை பல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை ஒழிந்தது, அது நன்றே. தொழில் ஒழிந்தபோது சொற்களும் ஒதுங்கின. காடோரச் சிற்றூர்களில் எழுபது வயதைக் கடந்தவர்களிடம் இன்னும் இவற்றைக் கேட்டுப் பதிவுசெய்யலாம். கட்டையின் கன்னம் படும் விளிம்பை அவர்கள் என்ன சொல்லால் குறித்தார்கள் என்பது எனக்கு அகராதிகளில் கிடைக்கவில்லை. ஆண்டர்சனைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் அஞ்செட்டி, பென்னாகரம் பகுதிகளில் அந்த ஒரு சொல்லைத் தேடிப் புறப்பட்டாலும் பயனுண்டு.